நல்லெண்ணெய் ஊற்றியும் அந்த எள் வாசனை ஏன் வரவில்லை?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், அங்கே ஒரு ஜப்பானிய உணவகத்தில் சாப்பிட்ட எள் சாலட் டிரெஸ்ஸிங்கை வீட்டில் செய்து தரச் சொன்னாளாம். வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் ராத்திரியில் சோற்றைக் குறைத்துப் பச்சைக் காய்கறி சாப்பிடும் வழக்கமும் புதிதாக வந்திருக்கிறது. சரி, இரண்டுக்கும் ஒன்றாகப் போகட்டும் என்று செக்கு நல்லெண்ணெய், வெள்ளை வினிகர், சோயா சாஸ், கொஞ்சம் தேன், கொஞ்சம் எள் எல்லாம் கலந்து அடித்திருக்கிறார். "புளிக்குழம்பு வாடை வருது, லேசா கசக்குது, அஞ்சு நிமிஷத்துல எண்ணெய் தனியா மிதக்குது. எங்கே தப்பு?" என்பது கேள்வி.

முக்கால்வாசித் தப்பு அந்த எண்ணெயில் இருக்கிறது அக்கா. எண்ணெய் மட்டம் என்று சொல்லவில்லை. நல்ல எண்ணெயைத்தான் ஊற்றியிருக்கிறீர்கள், ஆனால் அது வேறு எண்ணெய்.

இதை நான் அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது காட்பாடியில் சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறேன். அதற்கு முன்னால் சென்னையில், ஜப்பான்காரர்கள் அதிகம் வந்து போகும் ஓர் உணவகத்தில் சாலட், குளிர் வகைகள் செய்யும் பக்கத்தில் சில வருடங்கள் நின்றேன். ஒருநாள் அவர்கள் பயன்படுத்தும் எள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. எள் எண்ணெய் என்றால் எள் எண்ணெய்தானே என்று ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த நல்லெண்ணெயை ஊற்றிக் கலக்கி வைத்தேன். தலைமைச் சமையல்காரர் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார், ஒன்றும் பேசாமல் முழுப் பாத்திரத்தையும் சிங்கில் கவிழ்த்தார். அப்புறம் இரண்டு எண்ணெயையும் இரண்டு ஸ்பூனில் ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு ஸ்பூன்தான் எனக்குப் பாடம்.

நம்முடைய செக்கில் எள்ளை வறுக்காமல் பச்சையாகக் காயவைத்துப் போடுகிறோம். ஆட்டும்போது கருப்பட்டியோ பனைவெல்லமோ சேர்ப்பார்கள். எண்ணெய் பிண்ணாக்கை விட்டுப் பிரிந்து வருவதற்கும், கசப்பு அடங்குவதற்கும் அது உதவும். அதனால் நல்லெண்ணெய்க்கு ஒரு கனமான, லேசாகத் தித்திக்கிற மணம் இருக்கும். இட்லிப் பொடிக்கு அதை விட்டால் வேறில்லை. ஜப்பான், கொரியா, சீனா பக்கம் டிரெஸ்ஸிங்கில் விடுகிற எண்ணெயோ எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்த பிறகு பிழிந்தது. டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும். மல்லாட்டை (வேர்க்கடலை) வறுக்கும்போது தெரு முழுக்க ஒரு வாசனை வருமே, அந்த ரக வாசனை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வறுக்கும் சூட்டில் வித்தில் உள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்து புதிய மணப் பொருள்கள் உண்டாகின்றன. பச்சை எள்ளில் அவை இல்லை. எனவே எவ்வளவு சுத்தமான நல்லெண்ணெயை எவ்வளவு ஊற்றினாலும் அந்த மணம் வராது. அளவைக் கூட்டக் கூட்டக் குழம்பு வாடைதான் கூடும்.

அப்படியானால் கடையில் வறுத்த எள் எண்ணெய் வாங்கியே ஆகவேண்டுமா என்றால், வேண்டியதில்லை. கிடைத்தால் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் சீன நூடுல்ஸ், சாஸ் அடுக்கில் இருக்கும். லேபிளில் 'வறுத்தது' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறதா, நிறம் கருஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் அது நம் வீட்டு எண்ணெய்க்குத் தம்பி, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் கவலை இல்லை. வாசனையை எண்ணெயிலிருந்து எடுக்காமல் எள்ளிலிருந்தே எடுத்துவிடலாம். எனக்கு அந்த வழிதான் இன்னும் பிடித்தது.

லாங்கு பஜார் மளிகைக் கடைகளில் தோல் நீக்கிய வெள்ளை எள் கேட்டு வாங்குங்கள். கருப்பு எள் வேண்டாம். கருப்பு எள்ளுருண்டையில் வெல்லம் கசப்பை மூடிவிடும், டிரெஸ்ஸிங்கில் மூட ஆளில்லை. எள்ளின் தோலில் ஆக்ஸலேட் உப்புகள் இருக்கின்றன, கசப்புக்கு அவையும் ஒரு காரணம். நீங்கள் தோலோடு உள்ள எள்ளைப் போட்டிருந்தால் உங்கள் கசப்பில் பாதி அங்கிருந்து வந்திருக்கும். மீதிப் பாதி பெரும்பாலும் வறுத்ததில் இருக்கும்.

100 கிராம் எள்ளை எடுத்துத் தண்ணீரில் போட்டு அரித்துவிடுங்கள். எள்ளில் மணல் எப்போதும் இருக்கும், சாலட்டில் ஒரு கல் கடிபட்டால் மொத்த உழைப்பும் போச்சு. வடிகட்டி, துணியில் பரப்பி ஈரம் போகக் காயவைத்து, அடிகனமான வாணலியில் சிறுதீக்குக் கொஞ்சம் மேலே வைத்து வறுங்கள். கரண்டி நிற்கக் கூடாது. முதலில் சில நிமிஷம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், போன் எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். பிறகு ஒன்றிரண்டு வெடிக்கும். வெடிப்பு மும்முரமாகி, இரண்டு விரலால் ஓர் எள்ளை நசுக்கினால் சுலபமாகப் பொடியாகி மணம் வந்தால் பதம். நிறம் வேண்டிய அளவுக்கு ஒரு படி குறைவாக இருக்கும்போதே தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியில் ஏறிய சூட்டில் அது தானாகவே இன்னும் சிவக்கும். வாணலியிலேயே விட்டுவிட்டு 'அடுப்பை அணைத்துவிட்டேனே' என்றால் எள் கேட்காது. கருகிய எள் பத்தே பத்து கிடந்தாலும் கசப்பு முழு பாட்டிலுக்கும் பரவும்.

ஆறினதும் பொடிக்க வேண்டும். ஜப்பானில் இதற்கென்றே உள்ளே வரிவரியாகக் கோடு போட்ட மண்சட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள், மரக்குழவியால் தேய்ப்பார்கள். நம் வீட்டு அம்மி அதைவிட மோசமில்லை. மிக்ஸியின் சின்ன ஜாரிலும் செய்யலாம், விட்டு விட்டு மூன்று நான்கு சுற்று, அவ்வளவுதான். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். விடாமல் ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். விழுதும் வீண் இல்லை, இன்னொரு வகைக்கு வேண்டும், பின்னால் சொல்கிறேன். இப்போதைக்குப் பாதி பொடி, பாதி உடைந்த எள் என்கிற பதம் போதும். மீதியைக் காற்றுப்புகாத பாட்டிலில் வையுங்கள். பொடித்த எள்ளின் மணம் நாலைந்து நாளில் மங்கிவிடும் என்பதால் நான் முழு எள்ளாக வறுத்து வைத்துக்கொண்டு தேவைக்குப் பொடிப்பேன்.

அடுத்தது புளிப்பு. எண்ணெயும் வினிகரும் கலந்த டிரெஸ்ஸிங்குக்கு வினிகிரெட் என்று பெயர், பிரெஞ்சுக்காரர்களின் சொல். வினிகர் என்ற சொல்லுக்கே மூல அர்த்தம் 'புளித்த ஒயின்' என்பதுதான். அவர்களின் பழைய கணக்கு எண்ணெய் மூன்று பங்கு, வினிகர் ஒரு பங்கு. எள் டிரெஸ்ஸிங்கில் அந்தக் கணக்கு எடுபடாது, எண்ணெய் தூக்கலாகத் தெரியும். இரண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் செயற்கை வினிகர், அதாவது அசெட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்தது. பாட்டிலிலேயே அப்படிப் போட்டிருப்பார்கள். ஊறுகாய்க்கும் சில்லி சிக்கனுக்கும் சரி, சாலட்டில் மூக்கில் ஏறும். அசல் செய்முறையில் போடுவது அரிசி வினிகர். அது மென்மையானது, லேசான இனிப்பு உண்டு. அது இல்லாவிட்டால் ஆப்பிள் சைடர் வினிகர் நன்றாகவே ஒத்துவரும். வெள்ளை வினிகர்தான் இருக்கிறது என்றால் மூன்று பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்து முனையை மழுக்குங்கள். எலுமிச்சையும் போடலாம், ஆனால் அன்றன்றைக்கு மட்டும். பிழிந்த எலுமிச்சையின் புத்துணர்வு மறுநாள் இருக்காது.

புளித்தண்ணீர் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். எள், புளி, கொஞ்சம் வெல்லம் மூன்றும் சேர்ந்தால் என்ன ருசி வரும் என்று நமக்கெல்லாம் தெரியும்: ஆம்பூர் பிரியாணியோடு வைக்கிற கத்திரிக்காய்! எங்கள் வீட்டில் அதற்கு எள்ளும் மல்லாட்டையும் வறுத்து அரைத்துத்தான் போடுவார்கள். அது அருமையான பண்டம். ஆனால் வெள்ளரிக்காய் மேல் ஊற்றினால் மகள் "அம்மா, பிரியாணி எங்கே" என்று கேட்பாள்.

இனி அளவு. 15 மில்லி பிடிக்கும் டேபிள்ஸ்பூனைச் சொல்கிறேன். மணமில்லாத எண்ணெய் 3 ஸ்பூன், வறுத்த எள் எண்ணெய் 1 ஸ்பூன், வினிகர் 2, சோயா சாஸ் 1, வறுத்துப் பொடித்த எள் 2, தேன் அல்லது துருவிய வெல்லம் 1 டீஸ்பூன், துருவிய இஞ்சி அரை டீஸ்பூன், கடுகு விழுது கால் டீஸ்பூன். வறுத்த எண்ணெய் கிடைக்கவில்லையென்றால் அந்த ஒரு ஸ்பூனுக்கு உங்கள் செக்கு நல்லெண்ணெயையே விட்டு, எள்பொடியை மூன்றரை ஸ்பூனாக்குங்கள். ஒரு ஸ்பூன் வரை நல்லெண்ணெய் உடன்பிறந்தவன் மாதிரி அடங்கி இருக்கும், மூன்று ஸ்பூன் போனால் வீட்டையே பிடித்துக்கொள்வான். மணமில்லாத எண்ணெய்க்கு நம் ஊரில் சுலபமானது ரீஃபைண்ட் கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் எனக்குப் பிடிக்கும், மல்லாட்டை வாசனை எள்ளோடு சண்டை போடாது. ஆலிவ் எண்ணெய் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், அதன் காரசாரம் இங்கே இடைஞ்சல்.

இந்த அளவு நான்கு பேருக்கு இரண்டு ராத்திரிக்கு வரும். வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு என்றீர்கள், அதனால் இதைக் கவனியுங்கள்: ஒரு டேபிள்ஸ்பூன் சாதாரண சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. எட்டுப் பங்காகப் பிரியும்போது தலைக்கு 110 அளவில்தான் வரும், பயமில்லை. ஆனால் 'சப்பென்று இருக்கிறது' என்று மேலே ஊற்றுகிறவர் கையில் பாட்டிலைக் கொடுக்காதீர்கள். தனியாக உப்பு போடவே வேண்டாம். டார்க் என்று போட்ட சோயா சாஸ் நிறத்துக்கானது, லைட் என்பதை வாங்குங்கள். அதில் லைட் என்றால் நிறம் வெளிர் என்று பொருள், உப்பு குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணெயும் ஒரு ஸ்பூனுக்கு 120 கலோரி தரும். சாலட் என்ற பெயருக்காக அது குறையாது.

பிரிந்துபோனதற்கு வருவோம். எண்ணெயும் தண்ணீரும் சேராது, நாம் செய்வதெல்லாம் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்து, அவை மறுபடி கூடுவதைத் தள்ளிப்போடுவதுதான். கடுகின் தோலில் உள்ள வழவழப்பும், மாவு மாதிரி நைசான எள்ளும் துளிகளுக்கு இடையில் புகுந்து நின்று அந்த வேலையைச் செய்யும். நீங்கள் முழு எள்ளைத் தூவியிருப்பீர்கள், அது அழகுக்குத்தான். வரிசையும் முக்கியம். வினிகர், சோயா, வெல்லம், கடுகு, இஞ்சி, எள்பொடி இவற்றை முதலில் கலக்கிக் கரையவிடுங்கள். உப்பும் வெல்லமும் எண்ணெயில் கரையாது, எண்ணெய் முதலில் போய்விட்டால் அடியில் அப்படியே கிடக்கும். எல்லாம் கரைந்த பிறகு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு முள்கரண்டியால் அடியுங்கள். சோம்பலாக இருந்தால் மூடி இறுக்கமான ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அரை நிமிஷம் குலுக்கினாலும் அதே பலன். அப்படியும் அரை மணியில் பிரியத்தான் செய்யும். மறுபடி குலுக்குங்கள். பிரியாமலே நிற்கிற கடை டிரெஸ்ஸிங்கில் அதற்கென்று கெட்டியாக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள்.

நம் சின்னக் கடுகை ஊறவைத்து அரைத்தால் போதும். அரைத்ததும் உறைப்பும் கசப்பும் பலமாக இருக்கும், வினிகரில் ஊறவைத்து வினிகரோடே அரைத்தால் கொஞ்சம் மட்டுப்படும். கடையில் விற்கும் மஸ்டர்ட் சாஸும் ஆகும்.

மகள் சொன்னது ஒருவேளை வெள்ளையாக, கிரீம் மாதிரி வருகிற எள் டிரெஸ்ஸிங்காக இருந்தால் செய்முறை கொஞ்சம் மாறும். அது மயோனைஸ் சேர்த்தது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஒரு வருடத்துக்குத் தடை போட்டது நினைவிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு வீட்டிலும் அதைத் தவிர்ப்பதுதான் புத்தி. அதற்குப் பதில் கெட்டித் தயிரைத் துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, 4 ஸ்பூன் எடுத்து, முன்னால் சொன்ன எள் விழுது 2 ஸ்பூன், சோயா 1, வினிகர் 1, வெல்லம் 1 டீஸ்பூன், எண்ணெய் 1 சேர்த்து அடித்தால் பக்கத்தில் வந்துவிடும். புளிக்காத தயிராக இருக்கட்டும். இது இரண்டு நாள்தான் தாங்கும்.

எதன்மேல் ஊற்றுவது என்பதிலும் ஒரு விஷயம். இந்த டிரெஸ்ஸிங்குக்கு லெட்யூஸ் தேடி அலைய வேண்டாம். நேதாஜி மார்க்கெட்டில் கிடைக்கும் முட்டைக்கோஸ் போதும், நூல் மாதிரி நறுக்கிப் பத்து நிமிஷம் ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தால் மொறுமொறுவென்று இருக்கும். ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுங்கள், ஈரக் காயில் டிரெஸ்ஸிங் ஒட்டாமல் கிண்ணத்தின் அடிக்கு ஓடிவிடும். வெள்ளரியென்றால் நறுக்கி, ஒரு சிட்டிகை உப்பு பிசறி, கால் மணி கழித்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் சோயாவின் உப்பு அதிலுள்ள தண்ணீரையெல்லாம் வெளியே இழுத்து ரசம் ஆக்கிவிடும். மே மாதத்தில் இங்கே 40 டிகிரி தாண்டும் நாளில் சாலட்டைக் கலந்து மேஜையில் வைத்துவிட்டு ஆள் வருவதற்குக் காத்திருக்கக் கூடாது. தட்டு போட்ட பிறகு ஊற்றுங்கள். முளைகட்டிய பச்சைப்பயறு, கேரட் துருவல், வேகவைத்த பீன்ஸ் எல்லாம் ஒத்துப்போகும்.

எனக்கு மிகப் பிடித்தது வேறு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், நம் மாவட்டத்துக்காய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதை நாலாகக் கீறி ஆவியில் குழைய வேகவைத்து, ஆறவைத்து, கையால் கிழித்துப் போட்டு இந்த டிரெஸ்ஸிங்கை ஊற்றி அரை மணி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஜப்பானில் அவர்கள் ஊர்க் கத்திரிக்காயில் இப்படிச் செய்கிறார்கள், நம் காயில் சதைப்பற்று அதிகம் என்பதால் சாறு உள்ளேயே தங்கும். கத்திரிக்காயைக் குளிர்ச்சியாகச் சாப்பிடுவதா என்று முதலில் முகம் சுளிப்பார்கள். என் வீட்டிலும் சுளித்தார்கள்.

பூண்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைத்தால், காற்று படாத அந்த இடத்தில் பாட்டுலிசம் என்கிற கொடிய நோயைத் தரும் விஷத்தை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு உண்டு. மணத்தில் தெரியாது, ருசியில் தெரியாது. வினிகர் சேர்ந்திருப்பது ஓரளவு காவல்தான், என்றாலும் பூண்டு போட்டதை ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடுங்கள். பூண்டு போடாதது ஒரு வாரம் நிற்கும், இஞ்சியையும் ஊற்றும்போது துருவிச் சேர்த்தால் மணம் இன்னும் நன்றாக இருக்கும். விருந்தாளிக்கு வைக்கிறீர்கள் என்றால் எள் ஒவ்வாமை உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அமெரிக்காவில் 2023-லிருந்து எள்ளையும் முக்கிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்து லேபிளில் எழுதச் சொல்கிறார்கள்.

கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள், வினிகர் இருப்பதால் அலுமினியமும் பித்தளையும் ஆகாது. கடலை எண்ணெய் ஃப்ரிட்ஜில் கலங்கிக் கெட்டியாகும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிஷம் வெளியில் வைத்தால் இளகிவிடும். பிறகு ஒரு குலுக்கு.